ஒரே நிறத்தில் இரண்டு ஹெல்மெட்

வெறும் வயிற்றோடு காத்திருக்கும் மனிதர்களுக்கு நல்ல குணம் இருக்காது. ஊசியக்காவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வாள். ரத்தப் பரிசோதனைக்காக முந்தின இரவோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு, காலையில் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்சம் தாமதமானால் போதும், படித்தவர், பண்பானவர், பேரன் பேத்தி எடுத்தவர் எல்லோரும் ஒரே மாதிரி கடித்துக் குதறுவார்கள். அவள் ஒரு ஊசி குத்துவதற்குள் அவர்கள் நூறு குத்திவிடுவார்கள்.

அவள் என்ன செய்வாள், பஸ்ஸை நம்பிப் பிழைத்தவள். ஒரு கையில் ஐஸ் பை வைத்த நீலப் பெட்டி, தோளில் பஞ்சும் கையுறையும் கண்ணாடிக் குழாய்களும் அடைத்த பை. பஸ் வந்தால் இடம் இருக்காது. இடம் இருந்தால் பெட்டியைப் பார்த்து யாராவது முகம் சுளிப்பார்கள். ஒருமுறை, "உள்ள என்னம்மா, மீனா?" என்று ஒருவர் கேட்க, "ரத்தம்" என்று இவள் வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைக்க, அக்கம்பக்கத்து இருக்கைகள் மூன்றும் ஒரே நொடியில் காலியாகின. அன்றைக்கு மட்டும் வசதியாக உட்கார்ந்து போனாள்.

லேபில் அவள் சேர்ந்தது குழாய் கழுவும் வேலைக்கு. கழுவிக்கொண்டே வேடிக்கை பார்த்தாள், வேடிக்கை பார்த்தது பிடித்துப்போய் சாயங்கால வகுப்பில் சேர்ந்தாள், சான்றிதழ் வாங்கி ஊசி பிடித்தாள். நரம்பே தெரியாத கையைத் தடவித் தடவிப் பார்த்து ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். அந்தப் புண்ணியத்தில் வந்த பட்டம்தான் ஊசியக்கா. நிஜப்பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அந்த லேபில் ஒரு விதி உண்டு. பைக் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மாதாமாதம் வண்டிப்படி, அதற்கு மேல் போகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொகை. நேற்று வேலைக்கு வந்ததுகள் எல்லாம் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு பத்து வீடு முடித்துத் திரும்பும்போது, இவள் மூன்றாவது வீட்டுக்கு நிறுத்தத்தில் நின்றுகொண்டிருப்பாள். ஒருமுறை பஸ் பழுதாகி, பெட்டியில் ஐஸ் உருகி, அத்தனை குழாயும் வீணாகி, வெறும் வயிற்றுக்காரர்கள் மறுநாளும் வெறும் வயிற்றோடு உட்கார வேண்டியதாயிற்று. அன்றிரவு அவள் வீட்டில் அழுதாள். அவள் கணவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு டயர்க்காரர் என்று பெயர். டயர் மொத்த வியாபாரி ஒருவரிடம் வேலை. கடை கடையாகப் பைக்கில் போய் ஆர்டர் பிடிக்க வேண்டும். எத்தனை கடையோ அத்தனை கமிஷன். ஆகவே டயர்க்காரரின் வண்டி பறக்கத்தான் செய்யும். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் சாப்பாடு ஆச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா, மகளுக்கு ஹாஸ்டல் பணம் போட்டாச்சா என்பதுதான். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. பேச்சும் கிடையாது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் மறுநாள் காலை வாயைத் திறந்தார்.

"நீ ஏன் பைக் கத்துக்கக் கூடாது?"

"நாப்பத்து மூணு வயசுல எனக்கு எதுக்குங்க பைக்கு? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கிறவன் வந்து உன் பெட்டியைத் தூக்குவானா? நான் சொல்லித்தரேன். லைசென்ஸ் எடு. செலவு என் பொறுப்பு."

செருப்பு தைக்கக் கொடுத்தால்கூடப் பேரம் பேசுகிற மனிதர் செலவு என் பொறுப்பு என்கிறார். ஊசியக்கா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை, அது ஒன்றுதான் பாக்கி.

மூடிக் கிடந்த ஒரு கிடங்கின் பின்னால் சிமெண்ட் தரை பரந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் பாடம். அவள் வண்டியில் உட்கார, அவர் பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொந்தி குலுங்க ஓடிவருவார். "கிளட்ச்சை மெதுவா விடு... மெதுவா... ஐயோ, அது பிரேக்கு!" என்று கத்துவார். அவள் விழுந்தால் முதலில் அவளைத் தூக்குவார், பிறகுதான் வண்டி. முட்டியில் சிராய்ப்பு என்றால் அவள் பையிலிருந்த பஞ்சை எடுத்து அவரே துடைத்துவிடுவார். இருபது வருஷத்தில் அவர் கை இத்தனை மென்மையானது என்று அவளுக்குத் தெரியாது.

"காலைத் தொங்கப் போடாதே!" என்பதுதான் அவர் ஓயாமல் சொன்னது. "வண்டியோட ஒட்டி வெச்சுக்கோ. என்னை மாதிரி கெட்டுப்போயிடாதே, அப்புறம் மாத்தவே முடியாது."

அவர் ஓட்டும் அழகு அப்படி. இடது முழங்கால் வெளியே பிதுங்கி நிற்கும், பாதம் ஓரமாகத் திரும்பி, குதிகால் அந்தரத்தில் தொங்கும். நூறு பைக் போனாலும் அந்தக் காலை வைத்து அவரைக் கண்டுபிடித்துவிடலாம். அவள் அதைச் சொல்லிக் கேலி செய்ய, அவரும் சிரித்தார். கிடங்குச் சுவரோரம் உட்கார்ந்து ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்துவிட்டு, பேசுவதற்கு விஷயமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் செய்கிற வேலையெல்லாம் அந்த வயதில் செய்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

லைசென்ஸ் சும்மா வராது. பழகுநர் சீட்டுக்குப் பணம், கண் பரிசோதனைக்குப் பணம், பயிற்சிப் பள்ளியில் கட்டாய வகுப்புக்குப் பணம், கணுக்காலை மூடுகிற பூட்ஸுக்குப் பணம். எட்டுப் போடும் தேர்வில் முதல் தடவை கால் ஊன்றிவிட்டாள். இரண்டாம் தடவை கூம்பைத் தட்டிவிட்டாள். ஒவ்வொரு தோல்விக்கும் மறுபடி முழுக் கட்டணம். அவள் குறுகிப்போய், "போதுங்க, விட்டுடலாம்" என்றபோதுகூட அவர் முகம் கோணவில்லை. "மூணாவது வாட்டி வந்துடும், கட்டறேன்" என்றார். மூன்றாவது தடவை வந்துவிட்டது.

அந்த வாரமே அவர் தன் பழைய வண்டியை விற்றார். புது வண்டி வாங்கினார். அதை அவள் பேரில் பதிவு செய்தார்.

"உன் பேர்லயா!" என்று மாடி வீட்டில் இருந்த நாத்தனார் கன்னத்தில் கை வைத்தாள். "எங்க அண்ணன் எனக்கு ஒரு சைக்கிள்கூட வாங்கித் தந்ததில்ல. நீ கொடுத்து வெச்சவதான் அண்ணி."

வண்டியோடு இரண்டு ஹெல்மெட் வந்தன. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அடர்சிவப்பு. கூடவே இரண்டு மழைக்கோட்டு, அவையும் ஒரே சாம்பல் நிறம், ஒரே அளவு. அவளுக்கு அது தொளதொளவென்றுதான் இருந்தது. "ஜோடியா இருக்கட்டும்" என்றார். ஜோடி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்பது அதுவே முதல் தடவை. தலைகால் புரியாமல் போயிற்று. லேபில் எல்லோரிடமும் அந்த ஹெல்மெட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள்.

ஒரு வண்டி, இரண்டு பேர். விடிந்ததும் அவள் எடுத்துக்கொண்டு போவாள். வெறும் வயிற்றுக்காரர்களை முடித்துவிட்டு, லேபில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு, பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து சாவியை நீட்டுவாள். அதற்குப் பிறகு வண்டி அவருடையது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபம்தான். படியும் வீட்டுத் தொகையும் சேர்ந்து லைசென்ஸுக்குப் போட்ட பணத்தை ஒரு வருஷத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டன. பஸ் செலவு மிச்சம். முக்கியமாகத் திட்டு மிச்சம். "இப்பல்லாம் நீ டாண்ணு வந்துடறே" என்று ஒரு பெரியவர் அவளுக்காகக் காபி போட்டு வைத்தார். தன் காபிக்கு முன்னால் அவளுக்குக் காபி! அதை அவள் மகளிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவ்வப்போது டயர்க்காரர் போன் செய்வார். "உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, சொல்லு." வண்டி அவள் பேரில் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் தள்ளுபடி, அது இது என்று ஏதாவது இருக்கும். காகித வேலையெல்லாம் அவர்தான் பார்த்தார். பதிவின்போது கொடுத்த மின்னஞ்சல்கூட அவருடையதுதான், இவளுக்கு அது எதற்கு? கையில் கையுறையும் ஊசியுமாக இருக்கும்போது அவள் யாரையாவது படிக்கச் சொல்லுவாள். ஒருமுறை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்கிற டீச்சரம்மா கண்ணாடி இல்லாமல் போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு, "நாலு... ஏழு... ஏழு... ரெண்டு" என்று வகுப்பறைக் குரலில் வாசித்தார். இவள் அதை அப்படியே கணவரிடம் ஒப்பித்தாள். அப்படி மூன்று தடவை ஒப்பித்திருக்கிறாள்.

லேபுக்கு ஒரு கிளை திறக்கிற பேச்சு வந்தது. அங்கே காலை வண்டிகளுக்கெல்லாம் ஒரு தலைமை ஆள் வேண்டும். சம்பளம் நன்றாக ஏறும், ஊசியும் பிடிக்கலாம், யார் எந்த வீட்டுக்குப் போவது என்றும் தீர்மானிக்கலாம். மேனேஜர் இவளைவிடச் சின்னப் பெண், கறாரானவள். அவளே கூப்பிட்டு, "அக்கா, உங்களைத்தான் நினைச்சிருக்கேன். லைசென்ஸ் சரிபார்ப்பு மட்டும் முடிச்சிடலாம்" என்றாள். ஊசியக்கா ஆகாசத்தில் பறந்தாள். குழாய் கழுவ வந்தவள் அல்லவா.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள்.

"அக்கா, நீங்க இவ்வளவு வேகமா ஓட்டுவீங்களா?"

"நானா? என்னைப் பின்னாலிருந்து சைக்கிளே பெல் அடிச்சுட்டுப் போகுதும்மா."

மேனேஜர் சிரிக்கவில்லை. அந்த ஊர்ச் சட்டம் இப்படி. கேமராவில் வேகம் பதிவானால் ஓட்டினவரின் லைசென்ஸில் மூன்று கறுப்புப் புள்ளி. பத்தைத் தாண்டினால் லைசென்ஸ் ஆறு மாதம் முடக்கம். ஊசியக்காவின் லைசென்ஸில் ஒன்பது புள்ளி இருந்தன.

"மூணு தடவை. மூணையும் நீங்களே ஒத்துக்கிட்டிருக்கீங்க. இன்னும் ஒண்ணு வந்தா கிளை வேலையை விடுங்க, இப்ப இருக்கிற வண்டி வேலையே தர முடியாது. நம்ம இன்ஷூரன்ஸ் விடாது. நீங்க மறுபடி குழாய்..." என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் தண்ணீர் குடித்தாள்.

"யாரோ என் நம்பரைத் தப்பாப் போட்டிருக்காங்கம்மா" என்றாள் ஊசியக்கா. சத்தியமாக அப்படித்தான் நம்பினாள். வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னால் அவர் பார்த்துச் சரிசெய்துவிடுவார் என்ற தைரியம் இருந்தது. காகித வேலையெல்லாம் அவர்தானே. அன்றிரவு அவர் கடைகளை முடித்து வருவதற்குள் அவள் தூங்கிவிட, அவள் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் டீச்சரம்மா வீட்டில் அவர் கையில் பட்டையைக் கட்டி நரம்பைத் தடவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு" என்றார் டயர்க்காரர். "சீக்கிரம் சொல்லு."

டீச்சரம்மா ஆர்வமாகப் போனை எடுத்தார். கண்ணில் புத்தம்புதுக் கண்ணாடி, முந்தின நாள்தான் வாங்கியது. புதுக் கண்ணாடிக்காரர்கள் தீப்பெட்டியில் இருப்பதைக்கூட விடாமல் படிப்பார்கள். அவர் தலைப்பிலிருந்து ஆரம்பித்தார்.

"போக்குவரத்து அலுவலகம். கீழ்க்கண்ட வாகனத்தைக் குறிப்பிட்ட நேரத்தில் அனுமதித்த வேகத்துக்கு மேல் ஓட்டியது நான்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒப்புதலை உறுதிசெய்யும் எண்..." நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னம்மா இது? நீயா இப்படி ஓட்டறே?"

போனில் டயர்க்காரர் இருந்தார். மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை, வைத்துவிட்டார்.

ஊசியக்கா பட்டையை அவிழ்த்தாள். நினைப்பு வேறெங்கோ இருக்கும்போது யாருக்கும் ஊசி போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டாள். வெறும் வயிற்றோடு இருந்த டீச்சரம்மா அன்று ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. அந்தச் செய்தியிலேயே கேமராப் படத்துக்கு லிங்க் இருந்தது. அதைத் தட்டித் திறந்து அவள் கையில் கொடுத்தார்.

பின்னாலிருந்து எடுத்த படம். நேரம் பட்டப்பகல், மூன்று மணி. அடர்சிவப்பு ஹெல்மெட், சாம்பல் நிற மழைக்கோட்டு. வெயில் காலத்தில் மழைக்கோட்டு! முகமும் தெரியாது, உடம்பும் தெரியாது. யார் பார்த்தாலும் ஊசியக்கா என்றுதான் சொல்லுவார்கள். அந்த ஹெல்மெட்டைத்தான் லேப் முழுக்கக் காட்டியாயிற்றே. ஆனால் இடது முழங்கால் வெளியே பிதுங்கியிருந்தது. பாதம் ஓரமாகத் திரும்பி, குதிகால் அந்தரத்தில் தொங்கியது.

ஜோடியா இருக்கட்டும் என்றாரே என்று நினைத்தாள். முதலில் வேலை நினைவுக்கு வரவில்லை, புள்ளி நினைவுக்கு வரவில்லை. அதுதான் வந்தது.

வீட்டில் அவர் சாவிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒன்றுமே நடக்காத மாதிரி ஆர்டர் பையைத் தோளில் மாட்டியிருந்தார். அவள் சாவியைக் கொடுக்கவில்லை.

"என் லைசென்ஸ்ல ஒன்பது புள்ளி இருக்காம்."

"தெரியும். உக்காரு, சொல்றேன்." பூசி மெழுகுவார் என்று நினைத்தாள். மனிதர் மெழுகவே இல்லை. "என் லைசென்ஸ்லயும் ஒன்பது இருக்கு. ரெண்டு வருஷமா இருக்கு. இன்னும் ஒண்ணு விழுந்தா என் வேலை அன்னிக்கே போச்சு. லைசென்ஸ் இல்லாதவனுக்கு அங்க நாற்காலிகூடக் கிடையாது."

"மெதுவா ஓட்டியிருக்கலாமே."

"மெதுவா ஓட்டினா நாலு கடை. நாலு கடை கமிஷன்ல உன் பொண்ணு ஹாஸ்டல்ல இருப்பாளா?" போனில் கணக்குப் பொறியைத் திறந்தார். "பாரு, உனக்குப் படி இவ்வளவு. எனக்குச் சம்பளமும் கமிஷனும் இவ்வளவு. வீட்டுல ரெண்டு லைசென்ஸ். ஒண்ணு போகணும்னா எது போகணும்? நீயே சொல்லு. நான் என்ன திருடினேனா? இந்தப் பையிலேருந்து அந்தப் பைக்கு மாத்தினேன், அவ்வளவுதான். அபராதம் எல்லாம் நான்தான் கட்டினேன். உன்னை ஒரு காசு கேட்டேனா? உன் லைசென்ஸுக்குச் செலவு பண்ணினது யாரு? ரெண்டு வாட்டி தோத்தியே, அது யாரு பணம்?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு இடத்தில் தப்பாகக் கூட்டியிருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றாள். "இந்த யோசனை உங்களுக்கு எப்ப வந்துச்சு? நான் பாஸ் பண்ணினதுக்கு அப்புறமா, அதுக்கு முன்னாடியா?"

அவர் பதில் சொல்ல யோசித்தார். யோசித்தபோதே பதில் வந்துவிட்டது.

"அன்னிக்கு அழுதியே, ஐஸ் உருகிப் போச்சுன்னு. அப்பத்தான் தோணுச்சு. உனக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சுன்னு. உனக்குப் பிரயோஜனமே இல்லையா என்ன?"

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா? கொடுத்திருப்பாள். அதுதான் ஆத்திரம். முதல் தடவையே வந்து, 'இப்படி மாட்டிக்கிட்டேன், மூணு புள்ளி நீ வாங்கிக்கோ' என்று சொல்லியிருந்தால், திட்டிவிட்டு, சிரித்துவிட்டு, வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் கேட்கவில்லை. கிடங்குத் தரையில் தொந்தி குலுங்க ஓடினார், முட்டியைத் துடைத்துவிட்டார், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார். எல்லாவற்றையும் கணக்குப் பொறியில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். அவளுக்கு வாழ்க்கையிலேயே சந்தோஷமாக இருந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவை. அவற்றை எங்கே வைப்பது என்று இப்போது தெரியவில்லை.

நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. வண்டி வாங்கிய அன்றே தெரியுமாம். கன்னத்தில் கை வைத்ததெல்லாம் நடிப்பு.

"விட்டுக்கொடு அண்ணி. உனக்கு அது மேல்வரும்படி. அண்ணனுக்கு அது சோறு. புருஷனைக் காட்டிக்கொடுத்துட்டு நாளைக்கு யார் முகத்துல முழிப்பே?"

"நீ என் முகத்துல முழிச்சுட்டுத்தானே இருந்தே இவ்வளவு நாளும்?" என்றாள் ஊசியக்கா. நாத்தனார் மாடியேறிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை வேலையை முடித்துவிட்டு, சாவியை வீட்டில் கொடுக்காமல் நேராகப் போக்குவரத்து அலுவலகம் போனாள். அவர் பஸ்ஸில் கடைகளுக்குப் போயிருந்தார். பெரிய கூடம், பிளாஸ்டிக் நாற்காலி, கண்ணாடிக்குப் பின்னால் சளி பிடித்த ஒரு குமாஸ்தா. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விவரத்தைக் கேட்டார். பழைய மூன்றையும் ஒன்றும் செய்ய முடியாது, கெடு முடிந்துவிட்டது. நாலாவது இன்னும் யார் தலையிலும் விழவில்லை.

"ஓட்டினது யாருன்னு நீங்க சொல்லணும். அவருக்கு ஒரு நம்பர் போகும். அவர் அந்த நம்பரைச் சொல்லி ஒத்துக்கிட்டா இங்கயே முடிஞ்சுது."

"அவர் லைசென்ஸ் போயிடுமா சார்?"

"தானா ஒத்துக்கறவங்களுக்கு ஒரு சலுகை இருக்கும்மா. ரெண்டு நாள் வகுப்புல வந்து உக்காரணும், புள்ளியைக் குறைப்பாங்க. லைசென்ஸ் தப்பிச்சுக்கும். ஒத்துக்கலைன்னா விசாரணை. விசாரணையில அவர்தான்னு தெரிஞ்சா ஒரு வருஷம் முடக்கிடுவாங்க."

ஊசியக்காவுக்கு அப்பாடா என்று இருந்தது. இரண்டு நாள் வகுப்பு! இவ்வளவுதானா? இரண்டு வருஷமாக இந்த மனிதர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட இல்லையே. பையிலிருந்து பைக்கு மாற்றுகிற யோசனையில், நேர்வழி எவ்வளவு மலிவு என்று விசாரிக்கவே இல்லை. அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அவர் அந்த நம்பரைச் சொல்லிவிட்டால் போதும். இந்தப் பேச்சை இனி எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளையும் கேட்பதில்லை. சொல்லிவிட்டால், அவற்றில் கொஞ்சமாவது நிஜம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவள் கணவரின் பேரையும் போன் நம்பரையும் கொடுக்க, குமாஸ்தா ஒரு பொத்தானைத் தட்டினார். அவள் போன் செய்தாள். பஸ் சத்தத்தோடு அவர் எடுத்தார்.

"என்னங்க, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க. அவசரமில்ல, முழுசாப் படிங்க. படிச்சுட்டு அதைச் சொல்லுங்க. சொன்னா உங்களுக்கு..."

"நம்பரா? ஒண்ணும் வரலையே" என்றார் டயர்க்காரர். குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. "இங்க சிக்னலே இல்ல. அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டார்.

குமாஸ்தா தன் திரையை அவள் பக்கம் திருப்பினார். செய்தி போய்ச் சேர்ந்தது, திறந்து படிக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் இருந்தது.

"மறுபடி ஒருதரம் அனுப்பட்டுமாம்மா?"

"அனுப்புங்க சார்."

அனுப்பினார். அவள் மறுபடி போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை அடித்தபோது போன் அணைக்கப்பட்டிருந்தது.

"விசாரணைக்கே எழுதிக்குங்க" என்றாள்.

குமாஸ்தா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "முகமே தெரியலையேம்மா. ஹெல்மெட்டு உங்க கையில இருக்கிறதேதான். இதே கோட்டு உங்ககிட்டயும் இருக்குன்னு நீங்களே சொன்னீங்க. இது நீங்க இல்ல, உங்க வீட்டுக்காரர்தான்னு எதை வெச்சுச் சொல்றீங்க? விசாரணையில கேப்பாங்க."

கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. அவள் துடைக்கவில்லை. கண்ணாடியில் விரலை வைத்து, படத்தில் அந்தரத்தில் தொங்கிய குதிகாலைக் காட்டினாள்.

"இந்தக் காலை எனக்குத் தெரியும் சார். எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்தவரு."

குமாஸ்தா அதை அப்படியே எழுதிக்கொண்டார்.